இளையோர் நூல்களின் மொழிநடை: நூலக அடுக்கை முன்வைத்து ஒரு திறனாய்வு

0. முன்னுரை

பொது நூலகமொன்றில் புதிதாக வந்த நூல்களை அடுக்கும் நூலகர் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி, இந்நூல் யாருக்கு உரியது என்பதாகும். ஏழு வயதுக் குழந்தைக்கான படநூலும், முதிர்ந்த வாசகருக்கான புதினமும் இக்கேள்விக்கு எளிதில் விடை தந்துவிடுகின்றன. பதின்மூன்று முதல் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கென வெளிவரும் நூல் அவ்வாறு விடை தருவதில்லை. சிறுவர் பகுதியில் வைத்தால் அவ்வயதினர் அங்குச் செல்லக் கூச்சப்படுகின்றனர். பெரியோர் பகுதியில் வைத்தால் அந்நூல் பிற நூல்களுக்கிடையே காணாமற்போகிறது. 2010இல் சென்னை கோட்டூர்புரத்தில் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகமும் இளம் வாசகருக்குத் தாராளமாக இடமளித்துள்ளன. ஆயினும் இடச்சிக்கல் தீர்ந்த பிறகும் மொழிச்சிக்கல் எஞ்சுகிறது.

இளையோர் நூல் என்பதைப் பொருண்மை கொண்டே இதுவரை நாம் மதிப்பிட்டு வந்துள்ளோம். எதைப் பேசுகிறது, என்ன நீதி சொல்கிறது, எந்த வயதுக்குத் தகும் என்பனவே திறனாய்வாளர் எழுப்பும் வினாக்கள். அது எந்தத் தமிழில் பேசுகிறது என்னும் வினா அரிதாகவே எழுகிறது. இளையோர் நூல் முதன்மையாக ஒரு மொழிநடைச் சிக்கல் என்பதும், அச்சிக்கல் மொழிபெயர்ப்புகளில் மிகத் தெளிவாக வெளிப்படுகிறது என்பதும் இக்கட்டுரையின் கருத்துகளாகும். இங்கு எடுத்துக்காட்டாகத் தரப்படும் தமிழ்த் தொடர்கள் விளக்கத்தின் பொருட்டு அமைக்கப்பட்டவை. எந்நூலிலிருந்தும் எடுக்கப்பட்டவை அல்ல.

1. பெயரும் பருவமும்

ஒரு வகைமைக்கு நிலைபெற்ற பெயர் இல்லாதபோது அவ்வகைமையின் எல்லையும் நிலைபெறுவதில்லை. தமிழில் சிறார், இளையோர், வளரிளம் பருவத்தினர், பதின்பருவத்தினர் என்னும் சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வழங்கி வருகின்றன. இவற்றுள் 'பதின்பருவம்' ஆங்கில எண்ணுப்பெயர் ஈற்றைப் பின்பற்றி ஆக்கப்பட்ட கலைச்சொல். ஆங்கிலத்தில் பதின்மூன்று முதல் பத்தொன்பது வரையுள்ள ஏழு எண்களும் ஒரே ஈற்றைப் பெறுகின்றன. எனவே அப்பருவத்தின் எல்லையை மொழியே வகுத்துத் தருகிறது. தமிழில் 'பதின்' என்னும் வடிவம் பதினொன்றிலேயே தொடங்கிவிடுகிறது; பன்னிரண்டில் திரிகிறது; பதினெட்டோடு முடிகிறது; பத்தொன்பது வேறு அமைப்பினது. ஆகவே இச்சொல் வழக்கினால் பொருள் பெறுகிறதேயன்றி அமைப்பினால் பெறவில்லை.

பழந்தமிழில் பருவப் பெயர்களுக்குக் குறைவில்லை. தொல்காப்பிய மரபியல் பார்ப்பு, குருளை, கன்று, குழவி முதலிய ஒன்பது இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்கிறது. அவை பெரும்பாலும் விலங்கு, பறவை, மரம் ஆகியவற்றின் இளமையைக் குறிப்பன. பாட்டியல் நூல்கள் பெண்ணின் பருவத்தைப் பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக ஏழாகப் பகுத்தன. அவற்றுள் மங்கை, மடந்தை என்னும் இரண்டும் இன்றைய பதின்பருவத்தை ஏறத்தாழத் தழுவுவன. ஆணுக்கு வேறு பெயர்கள் வகுக்கப்பட்டன. ஆனால் இப்பகுப்பு உலாவில் தலைவனைக் காணும் மகளிரைப் பாடுவதற்காக எழுந்தது. அது பாடப்படும் பருவமே தவிரப் படிக்கும் பருவம் அன்று. இருபாலரையும் ஒருங்கே வாசகராகக் கருதும் பெயர் அதில் பிறக்க வழியில்லை.

வங்காளத்தின் நிலை வேறு. அங்குக் 'கிஷோர்' என்னும் சொல் குழந்தைக்கும் இளைஞருக்கும் இடைப்பட்ட வாசகரைச் சுட்டும் பெயராக நிலைத்து, 'கிஷோர் சாகித்தியம்' என்னும் வகைமையையும் தாங்கி நிற்கிறது. உபேந்திர கிஷோர் ராய் 1913இல் தொடங்கிய 'சந்தேஷ்' இதழும், பின்னர் வந்த 'சுக்தாரா', 'ஆனந்தமேளா' போன்றவையும் அவ்வாசகரைத் தலைமுறை தலைமுறையாக உருவாக்கின. தமிழிலும் 1950இல் தொடங்கி ஆர்வி ஆசிரியராக விளங்கிய 'கண்ணன்' இதழ் சற்று வளர்ந்த சிறுவரை நோக்கி எழுதியது. 1987 முதல் 'துளிர்' அறிவியலை அவ்வயதினருக்கு எடுத்துச் சென்றது. முயற்சிகள் இருந்தன, அவற்றை இணைக்கும் பெயரும் அப்பெயரைச் சார்ந்த நடையும் உருவாகவில்லை.

2. உரையாடலும் இரட்டை வழக்கும்

ஃபெர்குசன் 1959இல் இரட்டை வழக்கை வரையறுத்தபோது அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் ஆகியவற்றையே அடிப்படைச் சான்றாகக் கொண்டார். தமிழின் நிலையைப் பிரான்சிஸ் பிரிட்டோ 1986இல் தனிநூலாக ஆராய்ந்தார். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் பயன்படும் களங்கள் வேறுவேறு என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட முடிபு. நவீனப் புனைகதை இவ்விரண்டுக்கும் ஓர் உடன்பாட்டைக் கண்டது: ஆசிரியர் கூற்று எழுத்து வழக்கிலும், மாந்தர் உரையாடல் பேச்சு வழக்கிலும் அமையும். பெரியோர் புதினங்களில் இவ்வுடன்பாடு வேரூன்றிவிட்டது.

குழந்தை நூல்களில் இவ்வுடன்பாடு முழுமையாக ஏற்கப்படவில்லை. குழந்தை எழுத்துத் தமிழைக் கற்றுக்கொண்டிருக்கும் நிலையில் இருப்பதால், உரையாடலும் பாடநூல் தமிழில் அமைவதே முறை என்னும் கருத்து வலுவாக உள்ளது. இக்கருத்தில் நியாயம் உண்டு. ஆனால் பதினான்கு வயது வாசகரிடம் இதே நடையைக் கொண்டு சென்றால் விளைவு வேறாகிறது. "என்னால் வர இயலாது, நீ மட்டும் போய்விட்டு வா" என்று நண்பனிடம் சொல்லும் ஒன்பதாம் வகுப்பு மாணவனை அவ்வாசகர் நம்புவதில்லை. "என்னால வர முடியாதுடா, நீ மட்டும் போயிட்டு வா" என்பதில் பொருள் அதுவே, ஆள் வேறு. முதல் தொடரில் ஆசிரியரின் குரல் கேட்கிறது. இரண்டாவதில் நண்பனின் குரல் கேட்கிறது. தம் வயதினரின் குரல் எதுவென்பதை மிக நுட்பமாக அறிந்த பருவம் பதின்பருவமே. அந்தச் செவியை ஏமாற்ற இயலாது.

சோவியத் மொழிபெயர்ப்புகளை எதிர்ச்சான்றாகக் காட்டலாம். பூ. சோமசுந்தரம், ரா. கிருஷ்ணையா முதலியோர் வழியாக மாஸ்கோவிலிருந்து வந்த நூல்களை ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞர்கள் விரும்பிப் படித்தனர். அவற்றின் உரையாடல் பெரிதும் எழுத்து வழக்கையே சார்ந்திருந்தது. இதற்குக் காரணம் தொலைவு. கிர்கிசிய ஆயனோ உருசிய விமானியோ எந்த வட்டாரத் தமிழும் பேச இயலாது. எழுத்துத் தமிழே அவர்களுக்குப் பொதுமொழியாக அமைந்தது. தொலைவு மிகும்போது எழுத்து வழக்கு இயல்பாகிறது, குறையும்போது செயற்கையாகிறது. மதுரைப் பள்ளியைப் பற்றிய கதைக்கு அந்த உரிமை இல்லை. கல்கத்தாவைப் பற்றிய கதை இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கிறது. அதுவே ஆய்வுக்கு ஏற்ற களம்.

3. இடைநிலை மரியாதை: ஃபெலுதா கதைகள்

சத்யஜித் ராயின் துப்பறிவாளர் ஃபெலுதா 1965 டிசம்பரில் 'சந்தேஷ்' இதழில் அறிமுகமானார். முற்றுப்பெற்ற கதைகள் முப்பத்தைந்து. அவற்றுள் பலவற்றை வீ. பா. கணேசன் தமிழாக்கினார், பாரதி புத்தகாலயம் வெளியிட்டது. நூலகங்களின் இளையோர் பகுதிக்கு இவ்வரிசை நல்வரவு என்பதில் ஐயமில்லை. மூலம் இளம் வாசகருக்கென்றே எழுதப்பட்டது. கதைசொல்லியான தொப்ஷேயும் அவ்வயதினன்.

முதற்கண் பெயரைக் கருதுவோம். தமிழில் டகரத்துடன் 'ஃபெலூடா' என வழங்கும் இப்பெயர் வங்காளத்தில் பல்லொலியான தகரத்தை உடையது. உரோமன் எழுத்தில் இரண்டு ஒலிகளுக்கும் ஒரே குறியீடு என்பதால் நாவொலி தமிழில் நுழைந்துவிட்டது. இது வெறும் ஒலிபெயர்ப்புக் குறை அன்று. 'தா' என்பது 'தாதா', அதாவது அண்ணன் என்னும் உறவுச் சொல்லின் குறுக்கம். ஃபெலு என்பதே செல்லப்பெயர். அதனோடு உறவுச்சொல் ஒட்டி நிற்கிறது. வங்காள வாசகர் ஒவ்வொரு முறையும் 'ஃபெலு அண்ணன்' என்று படிக்கிறார். தமிழ் வாசகர் பொருள் புலப்படாத ஓர் அயற்பெயரைப் படிக்கிறார். 'தாதா' என்று விரித்தெழுதவும் இயலாது. அச்சொல்லுக்குத் தமிழில் இன்று உள்ள பொருள் ஒரு துப்பறிவாளருக்குச் சற்றும் பொருந்தாது.

அடுத்தது முன்னிலைப் பெயர். வங்காளத்தில் துயி, துமி, ஆப்னி என மூன்று நிலைகள் உண்டு. ஃபெலுதா தம்பியைத் 'துயி' என்கிறார்; தொப்ஷே அண்ணனைத் 'துமி' என்கிறான்; 1971இல் 'சோனார் கேல்லா'வில் அறிமுகமாகும் எழுத்தாளர் லால்மோகன் பாபுவும் ஃபெலுதாவும் ஒருவரையொருவர் 'ஆப்னி' என்கின்றனர். மூவருக்கிடையே உள்ள நெருக்கமும் விலகலும் இம்மூன்று சொற்களில் அடங்கியுள்ளன. இன்றைய பொதுத் தமிழ் வழக்கிலோ நீ, நீங்கள் என இரண்டே உள. 'துமி'யை நீ எனலாமா, நீங்கள் எனலாமா? நீ என்றால் அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையிலுள்ள படிநிலை மறைகிறது. நீங்கள் என்றால் தொப்ஷேயின் உரிமை மறைந்து, லால்மோகன் பாபுவின் முறைசார்ந்த மரியாதையோடு அது ஒன்றாகிவிடுகிறது.

படர்க்கையிலும் இதே இடர். தொப்ஷே தன் அண்ணனின் செயலைக் கூறும்போது மரியாதை குறியாத வினைமுற்றையும், லால்மோகன் பாபுவின் செயலைக் கூறும்போது மரியாதை குறிக்கும் வினைமுற்றையும் பயன்படுத்துகிறான். தமிழில் இருவருக்கும் 'சொன்னார்' என்று எழுதினால் வேறுபாடு அழிகிறது. அண்ணனுக்குச் 'சொன்னான்' என்று எழுதினால் அது சில குடும்பங்களில் இயல்பாகவும் சில குடும்பங்களில் துடுக்காகவும் ஒலிக்கும். இத்தமிழாக்கத்தையோ இனி வரப்போவதையோ சோதிக்க விரும்புவோர் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுவே.

மூன்றைத் தமிழில் இரண்டாகச் சுருக்குவதைத் தவிர வேறு வழியில்லை என்று தோன்றலாம். உண்மை அதுவன்று. பேச்சுத் தமிழில் 'வாடா', 'வா', 'வாப்பா', 'வாண்ணே', 'வாங்க' என நுண்ணிய படிகள் பல உண்டு. இவற்றில் 'வாண்ணே' என்பது ஒருமை வினையோடு உறவுச் சொல்லைச் சேர்த்து, உரிமையையும் மதிப்பையும் ஒருங்கே காட்டுகிறது. வங்காளத் 'துமி' வேண்டுவது சரியாக இதைத்தான். ஆகத் தமிழில் இடைநிலை மரியாதை இல்லை என்பது பிழை. அது பெயரில் இல்லை, விளி ஒட்டுகளில் உள்ளது. அவ்வொட்டுகளோ எழுத்து வழக்கில் இடம்பெறாதவை. உரையாடலை எழுத்து வழக்கில் அமைக்க முடிவுசெய்யும் மொழிபெயர்ப்பாளர், அம்முடிவினாலேயே இடைநிலை மரியாதையையும் இழந்துவிடுகிறார். இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள் போலத் தோன்றினும் வேர் ஒன்றே.

பிரெஞ்சிலிருந்து ஒரு சான்று இதனை மேலும் தெளிவாக்கும். செந்த்-எக்சுபெரியின் 1943ஆம் ஆண்டு நூல் 'குட்டி இளவரசன்' என்னும் பெயரில் வெ. ஸ்ரீராம், ச. மதனகல்யாணி ஆகியோரால் நேரடியாகத் தமிழாக்கப்பட்டு 1981இல் க்ரியா வெளியீடாக வந்தது. மூலத்தில் இளவரசன் விமானியிடம் விடுக்கும் முதல் வேண்டுகோளில், வேண்டும் வாய்பாடு மரியாதைப் பன்மையிலும், அதனை அடுத்த ஏவல் வினை ஒருமையிலும் உள்ளன. கற்றுக்கொடுத்த பணிவும் குழந்தையின் இயல்பான உரிமையும் ஒரே மூச்சில் கலந்து வருகின்றன. ஆங்கிலத்தில் இக்கலப்புத் தெரிய வழியில்லை. தமிழில் 'தயவுசெய்து' என்னும் வினையெச்சம் எண்ணையோ மரியாதையையோ காட்டாது. எனவே கலப்பை வேறு வழியில் உணர்த்த வேண்டும். மூலமொழி அறிந்தவருக்கு இவ்விடத்தில் ஒரு சிக்கல் இருப்பதாவது தெரியும். ஆங்கிலம் வழியே வருபவருக்குச் சிக்கலே கண்ணிற்படாது.

உறவுமொழியாயின் இவ்விடர் இல்லை என்பதும் பொருந்தாது. மலையாள வினைமுற்று இடம், பால், எண் காட்டாது; தமிழ் வினைமுற்று காட்டியே தீரும். பதினாறு வயது மாந்தரைப் பற்றி மலையாளத்தில் ஒரே வடிவத்தில் நிற்கும் வினை, தமிழில் ஒவ்வொரு தொடரிலும் 'வந்தான்', 'வந்தாள்', 'வந்தார்' என ஒரு தீர்ப்பைக் கோருகிறது. எந்த வயதில் ஒருவர் 'அவர்' ஆகிறார் என்பதற்குத் தமிழ்ப் புனைவு இன்னும் விடை காணவில்லை. நாளிதழில் அதே மாணவர் 'அவர்', கதையில் 'அவன்'.

4. தன்மைக் கூற்றின் இக்கட்டு

இளையோர் நூல்களில் தன்மைக் கூற்று மிகுதி. வங்காளத்தில் சாது நடை பின்வாங்கிச் சலித நடை உரைநடை முழுவதையும் ஆட்கொண்டுவிட்டது. 1914இல் பிரமத சௌதுரி தொடங்கிய 'சபுஜ் பத்ர' இதற்குப் பெருந்துணை புரிந்தது. ஆகவே தொப்ஷே கதை சொல்லும் மொழியும் அண்ணனோடு பேசும் மொழியும் ஏறத்தாழ ஒன்றே. தமிழில் அவன் இரண்டு மொழிகள் பேச வேண்டியுள்ளது. கதை சொல்லும்போது எழுத்து வழக்கு. வாய் திறந்தால் பேச்சு வழக்கு. எழுத்து வழக்கு கனத்தால் அவன் கதை பள்ளிக் கட்டுரையாகிறது; பேச்சு வழக்கிலேயே முழுவதையும் எழுதினால் அவன் எந்த ஊர்த் தமிழன் என்னும் கேள்வி எழுகிறது.

இதற்கு நடுவழி ஒன்றுண்டு. எழுத்து வழக்கின் சொல்வடிவங்களை வைத்துக்கொண்டு பேச்சின் தொடரமைப்பைக் கைக்கொள்வதே அது. குறுந்தொடர்கள், எச்ச அடுக்குகளைத் தவிர்த்தல், 'தான்', 'கூட', 'என்னவோ' போன்ற இடைச்சொற்களைப் பேச்சில் வருமாறே வைத்தல், செயப்பாட்டு வினையை விலக்கல் ஆகியன இதன் கூறுகள். "அவன் அங்கு வந்திருப்பதற்கான காரணம் எனக்கு விளங்கவில்லை" என்பதற்கு மாறாக "அவன் ஏன் வந்தான்? எனக்குப் புரியவில்லை" என்பது எழுத்து வழக்கே, ஆயினும் பதினான்கு வயதின் மூச்சு அதில் உண்டு.

காலத்தால் தொலைவான மாந்தர் வேறொரு சோதனையைத் தருகின்றனர். 2023ஆம் ஆண்டு பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' இன்றைய சிறுவனைப் பழங்கீழடியின் சிறுவனோடு சந்திக்க வைக்கும் இளையோர் புதினம். கீழடி அகழாய்வில் கிடைத்த பானையோடுகளில் ஆதன் என்னும் பெயர் தமிழி எழுத்தில் காணப்படுவது அறிந்ததே. அச்சிறுவனுக்கு எந்தத் தமிழைக் கொடுப்பது? சங்கத் தமிழைக் கொடுத்தால் இளம் வாசகர் விலகுவார். இன்றைய பேச்சுத் தமிழைக் கொடுத்தால் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் மறைந்துவிடும். இத்தகைய நூலை மதிப்பிடுவோர் வரலாற்றுச் செய்திகளின் சரிபிழையோடு நில்லாமல், இரு சிறுவரின் மொழி எவ்வாறு வேறுபடுத்தப்பட்டுள்ளது என்பதையும் ஆராய வேண்டும்.

5. உடலைக் குறிக்கும் சொற்கள்

பதின்பருவ நூல் உடலைப் பற்றிப் பேசாதிருக்க இயலாது. இங்குத் தமிழின் சொற்றொகுதி இரு முனைகளில் குவிந்துள்ளது: ஒரு முனையில் பாடநூற் கலைச்சொற்கள், மறுமுனையில் அவையல் கிளவிகள். இடையில் வீட்டில் தாயும் மகளும் பேசும் சொற்கள் உள. அவை பெரும்பாலும் இடக்கரடக்கல்கள். மாதவிடாய், தீட்டு, தூரம், வீட்டுக்கு விலக்கு, பீரியட்ஸ் என்பன ஒரே நிகழ்வைச் சுட்டினும் ஒரே கருத்தைச் சுட்டவில்லை. முதலாவது மருத்துவம், அடுத்த மூன்றும் தூய்மை பற்றிய சடங்குக் கருத்தைச் சுமப்பவை, இறுதியானது இன்றைய பள்ளி மாணவியர் வழக்கு.

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைத் தமிழாக்குவோர் இங்கு நின்று சிந்திக்க வேண்டும். 1947இல் வெளிவந்த முதற்பதிப்பில் உடல் பற்றிய சில பகுதிகளைத் தந்தை ஓட்டோ ஃபிராங்க் விலக்கினார். 1986இல் ஆய்வுப் பதிப்பும், 1991இல் மிர்யம் ப்ரெஸ்லர் தொகுத்த விரிவான பதிப்பும் அவற்றை மீட்டளித்தன. ஆகவே எப்பதிப்பு மூலம் என்பதே முதல் வினா. அடுத்தது சொல். 'தீட்டு' என்று பெயர்த்தால் அச்சிறுமியின் மனத்தில் இல்லாத ஒரு கருத்தை அவள் எழுத்தில் ஏற்றியவராவோம். அது நடைப்பிழை அன்று, பொருட்பிழை. 'பீரியட்ஸ்' இன்றைய வாசகருக்கு நெருக்கமாயினும் நாற்பதுகளின் ஆம்ஸ்டர்டாமிலிருந்து அவளைப் பெயர்த்துவிடும். 'மாதவிடாய்' என்பதையே கொண்டு, அதைச் சூழ்ந்த தொடரை எளிமையாக்குவது தக்க வழி எனக் கருதலாம். கலைச்சொல் தொடர்ந்து வழங்கினால் வீட்டுச்சொல்லாக மாறும் வாய்ப்புண்டு.

2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' குழந்தைகள் மீதான பாலியல் சீண்டலைப் பேசத் துணிந்த நூல். 2012ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பின்னரும் பெரியோர் பேசத் தயங்கிய ஒன்றை, பழைய மரப்பொம்மையின் வாயில் வைத்துச் சொல்லும் உத்தி மொழிநோக்கில் பொருளுடையது. தனக்கு நேர்ந்ததைச் சொல்வதற்குச் சொல் இல்லாத குழந்தை பாதுகாப்பையும் இழக்கிறது. இந்நூல் திறந்த பாதையில், சற்று மூத்த வயதினருக்கான சொல்லாட்சியுடன் அடுத்த நூல்கள் வர வேண்டும்.

6. மறுப்பும் விடையும்

பேச்சு வழக்கை ஏற்றால் வட்டாரத்துக்கு வட்டாரம் நூல் விளங்காமற்போகும் என்பர். எழுத்துக்கூட்டும் நிலைபெறவில்லை, 'போயிட்டான்', 'போய்ட்டான்', 'போயிட்டா' என மூவகையாக எழுதுகின்றனர். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் படித்தோரிடையே வட்டாரம் கடந்த பொதுப் பேச்சுத்தமிழ் ஒன்று உருவாகியுள்ளது என்பதை ஷிஃப்மன் 1999ஆம் ஆண்டு இலக்கணநூலில் காட்டியுள்ளார். திரைப்படமும் தொலைக்காட்சியும் அதைப் பரப்பியுள்ளன. அதற்குரிய எழுத்துக்கூட்டு நெறியை மொழியியலாளரும் பதிப்பாளரும் கூடி வகுக்கலாம். ஒரே நூலுக்குள் ஒரே முறை என்னும் குறைந்த அளவு ஒழுங்கேனும் இன்றே இயலும்.

எழுத்து வழக்குப் பயிற்சி குன்றும் என்பது இரண்டாவது மறுப்பு. ஆசிரியர் கூற்று எழுத்து வழக்கில் நிற்கும்வரை அப்பயிற்சி குன்றாது. மாறாக, உரையாடலை நம்பாத வாசகர் நூலையே மூடிவிடுவாராயின் எந்த வழக்கிலும் பயிற்சி கிட்டாது.

7. முடிவுரை

அரங்கநாதன் 1931இல் வகுத்த நூலக விதிகளுள் இரண்டு, வாசகரையும் நூலையும் ஒன்றுக்கொன்று உரிமையாக்குகின்றன. பதின்பருவ வாசகர் திறத்தில் இவ்விதிகள் நிறைவேற, தூயியின் எண்முறை மட்டும் போதாது. தமிழ் இலக்கியத்திற்கு அது தரும் எண் நூலின் மொழியைச் சொல்லும். வாசகரின் வயதையோ நூலின் நடையையோ சொல்லாது. எனவே இளையோர் நூல்களின் பட்டியற் குறிப்பில் மொழிபெயர்ப்பாளர் பெயர், மூலமொழி, நேரடிப் பெயர்ப்பா வேறு மொழி வழியா என்பது, மூலப்பதிப்பின் ஆண்டு, உரையாடல் எவ்வழக்கில் உள்ளது என்பது ஆகிய ஐந்தும் இடம்பெறுதல் வேண்டும். தேர்வுக் குழுவினரும் பொருண்மையோடு இவற்றையும் கருத வேண்டும். தமிழ்ப் பதிப்புலகில் நூலகக் கொள்முதலுக்குள்ள இடத்தை எண்ணும்போது, நூலகம் கேட்கத் தொடங்கும் கேள்வியைப் பதிப்பாளரும் விரைவில் கேட்கத் தொடங்குவர்.

குழந்தை நூலிலிருந்து பெரியோர் நூலுக்குச் செல்லும் வழியில் இன்று பல இளம் வாசகர் ஆங்கிலத்திற்குத் திரும்பிவிடுகின்றனர். அங்கு அவர்கள் தேடிச் செல்வது கதை மட்டுமன்று. தம் வயதின் குரலையும் தேடுகின்றனர். அக்குரலுக்கு வேண்டிய கூறுகள் பேச்சுத் தமிழில் இருப்பதை மேலே கண்டோம். அவற்றை எழுத்தில் கொணரும் பணி மொழிபெயர்ப்பாளருடையது. அதற்கு இலக்கணம் காணும் பணி மொழியியலாளருடையது. இவ்விரு துறையினரும் கூடி, இடைநிலை மரியாதை பற்றிய ஒரு சிறு கையேட்டிலிருந்து தொடங்கலாம்.